கரிக்கிற தண்ணீர்

"புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன் சார்."

முனவ்வர் பேகம் இப்படிச் சொன்னதும் விஜயகுமாரி பேனாவைக் கீழே வைத்தார்.

தப்பு செய்த இன்ஜினியர்களை விசாரிக்கும் குழு அது. அன்றைக்கு விஜயகுமாரியும் தலைவர் ஜெயப்பிரகாஷும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயப்பிரகாஷும் இன்ஜினியர்தான்; முப்பது வருஷமாக வேலூர் வட்டாரத்தில் வீடு கட்டிக் கொடுப்பவர்.

எதிரே செங்கல்வராயன். ஆம்பூரில் பேகத்துக்கு வீடு கட்டிய இன்ஜினியர்.

விஜயகுமாரி புகாரை எடுத்துப் படித்தார். "'வீடு கட்டி ஆறு வருஷம்தான் ஆகுது. கூரைப் பூச்சு பெயர்ந்து கட்டில் மேல விழுந்தது. என் பொண்ணு அஃப்ரோஸ் அப்பதான் எழுந்து பல் தேய்க்கப் போனா.' நீங்க கொடுத்ததுதானேம்மா இது? இப்ப வாபஸா? இவர் மிரட்டினாரா?"

"அய்யோ, இல்ல மேடம்."

"ஏதாவது கொடுத்தாரா?"

"அல்லா மேல சத்தியமா இல்ல. புகார் குடுத்த மறு வாரத்துலேருந்து, ஞாயித்துக்கிழமையானா அவரே வந்து நிக்கிறாரு. ஆளுங்களைக் கூட்டிக்கினு வரல. அவரே சாரம் கட்டி, பூச்சைக் கொத்தி, கம்பியில துருவைச் சுரண்டி... தலையெல்லாம் சிமென்ட்டு. டீ குடுத்தாக்கூட இறங்க மாட்டேங்கறாரு. பார்க்கவே மனசுக்குப் பேஜாரா இருக்குது. லைசென்ஸ் போச்சுன்னா அவரு பொழப்புக்கு இன்னா பண்ணுவாரு?"

"விசாரணைக்கு முன்னாடி நல்ல நடிப்பு!" விஜயகுமாரி செங்கல்வராயன் பக்கம் திரும்பினார். "கொத்தனார் வேலையும் தெரியுமா உங்களுக்கு? அதையாவது ஒழுங்கா பண்றீங்களா?"

செங்கல்வராயன் நகத்தில் ஒட்டியிருந்த சிமென்ட்டைச் சுரண்டினார்.

"கம்பி எப்படித் துருப்பிடிச்சுது? அதையாவது சொல்லுங்க."

"தண்ணிதான் மேடம்." அப்போதுதான் முதல் முறையாகப் பேசினார். "அந்தத் தெருவுல போர்வெல் தண்ணி. தோல் பதனிடுற ஷாப்பு கழிவு இறங்கின மண்ணு. வாயில வெச்சா கரிக்கும். அதுல கான்கிரீட் போட்டா உள்ள இருக்கிற கம்பியைத் தின்னுடும். வெளியூர்லேருந்து லாரித் தண்ணி கொண்டாரச் சொல்லியிருக்கணும். சொல்லல."

"தண்ணியைப் பரிசோதிச்சாச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"பரிசோதிக்கல. இந்தப் பக்கம் யாரும்..."

"யாரும் பண்றதில்லன்னு சொல்லித் தப்பிக்காதீங்க!"

"தப்பிக்கல மேடம். போட்டது என் கையெழுத்து."

ஜெயப்பிரகாஷ் தொண்டையைச் செருமினார். "விடும்மா. தப்பை ஒத்துக்கிட்டாரு. அவரே சரி பண்ணியும் கொடுக்கறாரு. வீட்டுக்காரம்மாவும் வேணாங்கறாங்க. வாயால ஒரு எச்சரிக்கை சொல்லி ஃபைலை மூடிடலாம். அவரும் புள்ளகுட்டிக்காரர்."

பேகத்தின் முகம் மலர்ந்தது. தலைவருக்கு இவ்வளவு இளகிய மனசா என்று விஜயகுமாரி நினைத்துக்கொண்டார்.

செங்கல்வராயன் எழுந்தார்.

"வேணாம் சார். வாபஸை ஏத்துக்காதீங்க. என் லைசென்ஸை ரத்து பண்ணுங்க."

"இன்னா சார், புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" பேகம் பதறினார்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இன்னும் பதினோரு வீடு இருக்கு சார். அதே மாதிரி தண்ணி, அதே கையெழுத்து. ஒவ்வொரு வீடா போய்ச் சொல்லிட்டேன். ஒருத்தரும் நம்பல. 'வேலை கிடைக்கலன்னு மறுபடியும் இடிச்சுக் கட்டப் பார்க்கறியா'ன்னு கேக்கறாங்க. ஒருத்தர் கதவையே திறக்கல. அந்த வீட்டு ஹால்ல ட்யூஷன் நடக்குது. முப்பது பசங்க அந்தக் கூரைக்கு அடியில உட்கார்ந்திருக்காங்க."

"அதுக்கு லைசென்ஸை ஏன்யா...?" ஜெயப்பிரகாஷ் அந்தத் தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"எச்சரிக்கைன்னா அது இந்த ரூமோட முடிஞ்சுடும். ரத்து பண்ணா பேப்பர்ல என் பேரைப் போடுவீங்க, காரணத்தையும் போடுவீங்க. என்கிட்ட வீடு கட்டினவங்க அத்தனை பேரும் அன்னிக்கு அண்ணாந்து கூரையைப் பார்ப்பாங்க. என்னை நம்பாதவங்க உங்க ஆர்டரை நம்புவாங்க சார்."

பேகம் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

விஜயகுமாரி தன்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தார். எத்தனையோ விசாரணைகளைப் பார்த்தவர். எல்லாரும் லைசென்ஸைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கெஞ்சியிருக்கிறார்கள்.

"உட்காருங்க சார்," என்றார். இந்த முறை குரலில் கேலி இல்லை.

ஆர்டர் தயாரானது. ஜெயப்பிரகாஷ் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். செங்கல்வராயன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தார்.

பேகம் பின்னாலேயே ஓடினார். "ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல?"

"வருவேன்மா. பூச்சு வேலைக்கு லைசென்ஸ் வேணாம்."

விஜயகுமாரி ஃபைல்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினார். ஜெயப்பிரகாஷ் எழுந்திருக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்திருந்தார். வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, ஆம்பூர்... தெருப் பெயர், கதவு எண். ஒரு பக்கம் நிரம்பியதும் தாளைத் திருப்பினார்.

"இன்னும் இவ்வளவு வீடா சார்? அவர் பதினொண்ணுன்னுதானே சொன்னார்?"

"அவரோடது பதினொண்ணுதாம்மா," என்றார் ஜெயப்பிரகாஷ், எழுதுவதை நிறுத்தாமல். "இது நான் கையெழுத்துப் போட்டது."