அடுத்த வீட்டு இருமல்

ராத்திரி ஒன்பதரை மணிக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் இருமினான்.

குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த என் கை நின்றது.

மறுபடியும் இருமல். பீடி பிடிப்பவர்கள் இருமுவது போல, கனமாக. பிறகு முத்துச்செல்வியின் குரல்.

"என்னங்க, சாப்பாடு போடட்டா?"

பதில் இல்லை. இருமல்தான்.

முத்துச்செல்வி பக்கத்துப் போர்ஷன் பெண். சங்கரன்கோவில் பக்கம் ஊர். செல்போன் கம்பெனியில் லைன் வேலை. கல்யாணம் ஆகவில்லை. கூடத் தங்கியிருந்த இரண்டு பெண்களும் போன மாதம் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அப்படியானால் உள்ளே யார்?

என் கணவருக்கு அந்த வாரம் ஒரகடத்தில் நைட் ஷிப்ட். வீட்டில் நானும் எட்டு மாதக் குழந்தையும்தான். சுற்றிலும் பாதி காலி மனை, தெருவிளக்கு கிடையாது. பின்தெருவில் ஒரு வீட்டின் பூட்டை உடைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் வார்த்தை மறந்துபோனது.

மூன்று ராத்திரி இப்படியே போயிற்று. நாலாம் நாள் எதிர்வீட்டு ரத்னாக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"அப்டிப் போடு! இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு கீது மூஞ்சி. வந்தவன் நோட்டம் பாக்கற திருடனா இருந்தா இன்னா பண்ணுவே? நீ கொயந்தைய வெச்சிக்கினு தனியா கீறே. இரு, கண்ணப்பன் சார் காதுல போட்டுர்றேன்."

"என் பேர் வேண்டாம்க்கா."

"உன் பேர் எதுக்கு வருது?"

கண்ணப்பன் சார் எங்கள் நகர் பாதுகாப்புக் குழுச் செயலாளர். படப்பை ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். திருட்டு நடந்த மறுநாளே பிள்ளையார் கோயில் ஷெட்டில் கூட்டம் போட்டார். நகை பாலிஷ் என்று வந்தால் கதவைத் திறக்காதீர்கள், ராத்திரி வெளிக்குழாய் தானாக ஓடினால் நிறுத்த வராதீர்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். எங்களுக்கெல்லாம் அவர்மேல் அப்படி ஒரு மரியாதை.

அன்று ஒன்பதரைக்கு டார்ச்சோடு வந்தார். கூட நாலு ஆண்கள், ரத்னாக்கா. நான் என் வாசலில் நின்றேன்.

சரியாக இருமல் கேட்டது.

எல்லோருமாகக் கதவை இடித்தார்கள். இடித்த இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது.

"யாரும்மா உள்ளே? வெளிய வரச் சொல்லு. கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு."

"யாரும் இல்ல அண்ணாச்சி" என்றாள் முத்துச்செல்வி.

"அப்ப இன்னா, செவுரு இருமிச்சா?" என்றாள் ரத்னாக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஒரே அறை. பாய், ஸ்டவ், ஆணியில் கம்பெனி கோட்டு. பாத்ரூமையும் திறந்து பார்த்தார்கள். பின்கதவு கிடையாது. ஆளும் இல்லை.

"எங்கடி ஒளிச்சு வெச்சே?" என்றாள் ரத்னாக்கா.

முத்துச்செல்வி எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

அதே இருமல். அதே ஆள்.

"நீங்கதான அண்ணாச்சி கூட்டத்துல சொன்னிய, ஆம்பளை இல்லாத வீடுன்னு வெளிய தெரிஞ்சிரக் கூடாதுன்னு? என்னப் பெத்த ஐயா இப்படித்தான் இருமுவாரு. அதான் தெனமும் கொஞ்ச நேரம்... தொண்டையெல்லாம் புண்ணாப் போச்சு."

ரத்னாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்ணப்பன் சார் டார்ச்சை அணைத்தார்.

"அப்ப தனியாத்தான் இருக்கே?"

அவள் தலையசைத்தாள்.

"சரிம்மா. ஜாக்கிரதையா இரு. காலையில கடையிலேர்ந்து புதுத் தாழ்ப்பாள் அனுப்பறேன்."

தெருமுனையில் யாரோ இருமிக் காட்ட, சிரிப்புச் சத்தம் கேட்டது. பத்து மணிக்குள் நகர் முழுக்கத் தெரிந்துவிட்டது. முத்துச்செல்வி அரிசி டப்பாவை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது.

பதினொன்றே முக்கால் இருக்கும். பக்கத்துக் கதவை ஒரு விரல் மெதுவாகத் தட்டியது.

"முத்துச்செல்வி... பயப்படாதே. நான்தான். பாதுகாப்புக் குழு."

அரிசி டப்பா தரையில் உராய்ந்தது. அவள் திறக்கவில்லை. அது வெளியிலிருந்து தள்ளப்படுகிற சத்தம்.

குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டேன். வராந்தா லைட்டைப் போட்டுக் கதவைத் திறந்தேன்.

கண்ணப்பன் சார் திரும்பினார். கையில் புதுத் தாழ்ப்பாள்.

"பாவம், தனியா இருக்காளே... மாட்டிக் குடுத்துடலாம்னு..."

ஸ்குரூ டிரைவர் இல்லை. ஒரு ஆணிகூட இல்லை.

"முத்து! குழந்தை தூங்க மாட்டேங்குது. கொஞ்சம் இங்க வா!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அவள் ஓடிவந்து என் வீட்டுக்குள் நுழைந்தாள். கதவைச் சாத்தினேன். வெளியே படியிறங்கும் சத்தம் இன்னும் கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து என் கணவர் வர ஏழு மணி ஆகும்.

முத்துச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒருத்தராவது இருக்கியளே அக்கா. நான் யாருக்கு என்ன பண்ணேன்? எம்மேல யாரு கம்ப்ளெய்ன்ட் சொல்லியிருப்பா?"

"தெரியலையேம்மா" என்று சொல்லி, அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பி, உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.