கை தூக்கியவர்கள்

பெரிய கடைக்குள், சோப்பு அடுக்கின் மறைவில் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள் தையல்கார அக்கா. இரண்டு அலமாரி தள்ளி, தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பது தெருமுனை மளிகைக்கடை அண்ணனேதான். முகத்தை மறைத்தால் போதுமா, அந்தத் தொந்தியை எந்தத் தொப்பி மறைக்கும்?

தெருவிலிருந்து யார் யார் வருகிறார்கள் என்று வேவு பார்க்க வந்திருக்கிறார்.

போன மாதம்தான் அவர் கடை வாசலில் தெருவே கூடியது. "நம்ம ஆளுங்க ஒருத்தரும் அந்தப் பெரிய கடைப் படி ஏறக்கூடாது!" என்று தொண்டை கிழியக் கத்தினார் அண்ணன். முதலில் கை தூக்கியவள் இவள்தான். புருஷன் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது, கேட்காமலே வீடு தேடிச் சாமான் கொண்டுவந்து இறக்கிய மனுஷன் அவர். அவருக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஆனால் இங்கே ரெடிமேடு துணி வந்ததிலிருந்து அவள் மிஷின் பாதி நாள் சும்மா கிடக்கிறது. எண்ணெயோ இங்கே கொள்ளை மலிவு. வெட்கத்தை விட்டுத்தான் வந்தாள்.

அதுவும் சும்மா வரவில்லை. அவர் கடையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். கல்லாவில் அண்ணி மட்டும் இருந்தாள். "உங்கண்ணன் சரக்கெடுக்கப் போயிருக்காரும்மா. கம்பெனி வேனெல்லாம் இப்ப எங்க நம்ம பக்கம் வருது?" என்றாள். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு இவளும் கிளம்பினாள். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இப்படியா ஆளைப் பிடிப்பார்கள்?

நழுவிவிடலாம் என்று திரும்பியபோது முழங்கை பட்டு சோப்பு அடுக்கு சடசடவென்று சரிந்தது. அண்ணன் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் நேரே அவளிடம் வந்தார்.

"அண்ணே... சத்தியமா இன்னிக்குத்தான் மொதல் தடவை." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "தெருவுல சொல்லி என் மானத்தை வாங்கிடாதீங்கண்ணே. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அண்ணன் அக்கம்பக்கம் பார்த்தார். தொப்பியைக் கழற்றி முகத்தை அழுத்தித் துடைத்தார். அவள் எதிர்பார்த்த கோபம் அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எண்ணெய் ஆளுக்கு மூணு பாக்கெட்டுதான் தருவாங்களாம். நம்ம கடைக்குப் பத்தாது, உன் பேர்லயும் ஒரு மூணு வாங்கிக் குடும்மா."