நான்கு மணி நேரப் பாடம்

"அக்செப்ட்னா?"

"தவிர."

"எக்செப்ட்னா?"

"ஏத்துக்கறது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது கையில் இரண்டு ஊசிகள், அவற்றிலிருந்து மெஷினுக்குப் போகும் இரண்டு சிவப்புக் குழாய்கள். வலது கையில் வார்த்தை அட்டைகள்.

"தலைகீழாச் சொல்லிட்டே. மறுபடியும்."

"ஐயோ, ஆமாங்க." அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மண்டைக்குள்ள களிமண்ணுதான் இருக்கு."

டயாலிசிஸ் கூடத்தில் எட்டு நாற்காலிகள். வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், அவருடையது மூன்றாவது. அந்த நான்கு மணி நேரமும் அவர் மனைவிக்கு இங்கிலீஷ் வகுப்பு.

மருந்துக்கடையில் அலமாரி துடைக்கிறவள் கவுன்டரில் நின்று மருந்து எடுத்துக்கொடுக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அவருக்குப் பின் அவளுக்குச் சோறு போடப்போவது அந்தத் தாள்தான். மற்ற பாடங்கள் எப்போதோ முடிந்துவிட்டன. இங்கிலீஷை மட்டும் மூன்று முறை எழுதியும், "தேறலைங்க" என்றுதான் அவர்முன் வந்து நின்றாள்.

"எமிக்ரன்ட், இமிக்ரன்ட். இதுல ஊரைவிட்டுப் போறவன் யாரு?"

"இமிக்ரன்ட்," என்றாள் உடனே.

"போச்சு. பிராசிக்யூட்?"

"கொடுமைப்படுத்தறது."

"அது பெர்சிக்யூட். இது வழக்குப் போடறது."

நான்காவது நாற்காலிக்காரர் தலையைத் திருப்பினார். "சார், மெஷின் உங்க ரத்தத்தைச் சுத்தம் பண்ணுது. உங்க வீட்டம்மா அதைக் கொதிக்க வைக்கிறாங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் கெண்டைக்கால் முறுக்கி இழுத்தது. முகம் கோணியதே தவிர சத்தம் வரவில்லை. அட்டைகள் தரையில் சிதறின. அவள் குனிந்து, அவர் காலை இறுக்கிப் பிடித்து நீவினாள்.

கால்மாட்டில் நின்றிருந்த அவருடைய தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"போதும் அண்ணி. எட்டு மாசமா இதே அட்டைங்க. உங்களுக்குத் தலையில ஏறாது, இவருக்கு உயிர் போகுது."

அவருக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்பதால் நாக்கை நனைக்க ஐஸ் கட்டி எடுத்துவர அவள் எழுந்து போனாள். தங்கையும் விடுவதாக இல்லை, பின்னாலேயே போனாள்.

வாசல் மேசையில் டெக்னீஷியன் பெண் அறிவிப்பு ஒன்றை இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தாள். காய்ச்சலோடு வருபவர்களை ஏற்கமாட்டோம் என்று கதவில் ஒட்டுவதற்கு.

அவள் நடந்தபடியே ஒரு பார்வை பார்த்தாள். "எக்செப்ட்னு எழுதியிருக்கீங்கம்மா. அக்செப்ட்னு மாத்துங்க."

தங்கை நின்றுவிட்டாள். பிறகு வேகமாகப் போய் அவள் தோளைப் பிடித்தாள்.

"அண்ணி, இப்பத்தானே அதை அங்க தப்பாச் சொன்னீங்க?"

டம்ளரில் ஐஸ் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"எல்லா அட்டையும் எனக்குத் தெரியும்," என்றாள் அவள், சுவரைப் பார்த்து. "பாஸ் பண்ணி நாலு மாசம் ஆச்சு. இப்பக் கவுன்டர்லதான் நிக்கிறேன். பழைய யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

"அண்ணன்கிட்ட சொல்லலையா? எவ்வளவு சந்தோஷப்படுவாரு!"

"படுவாரு. அப்புறம் இங்க வரமாட்டாரு. மாத்தி வெச்ச சிறுநீரகமும் நிக்கல. இனிமே இந்த வலி தாங்க முடியாது, நீ பாஸ் பண்ற வரைக்கும்தான் இந்த நாற்காலி, மறுநாளே டயாலிசிஸை நிறுத்திடுவேன்னு டாக்டர் எதிர்லயே சொன்னாரு. டாக்டரும், அது உங்க இஷ்டம்னுட்டாரு. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு. தேறாதவளாவே இருந்துட்டுப் போறேன்."

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தனியாகத் திரும்பி வந்தாள். தரையில் கிடந்த அட்டைகளைப் பொறுக்கி அண்ணன் மடியில் வைத்தாள்.

"இன்னிக்கு விட்டுடுங்கண்ணே. அண்ணிக்கு இன்னும் வரல. மெதுவாப் படிக்கட்டும்."

அவர் ஒற்றைக் கையால் அட்டைகளைத் தட்டி ஒழுங்குபடுத்தினார்.

"உங்கிட்ட சொல்லிட்டாளா?"

தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இருபத்தாறு வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினவன்மா நான். தெரியாதவங்க குருட்டாம்போக்குல பாதியாவது சரியாச் சொல்லிடுவாங்க. இவ நாலு மாசமா ஒண்ணுகூடச் சரியாச் சொல்லல."

"தெரிஞ்சுமா இந்த வலியைத் தாங்கிக்கிட்டு வந்து உக்காருறீங்க?"

கூடத்தின் கோடியிலிருந்து அவள் ஐஸ் டம்ளரோடு அவசரமாக வந்துகொண்டிருந்தாள். அவர் மேலே இருந்த அட்டையைக் கையில் எடுத்தார்.

"அவளா ஒரு நாள் சரியாச் சொல்லட்டும்மா."