சரிவாகப் போட்ட துளை

செம்பூர்க் கொட்டகையின் தகர இடுக்கில் மத்தியான வெயில் கொட்டுகிறது, கண்ணுகளா. லாரியில் வந்த பெட்டிகளில், ராஜஸ்தானில் ஒரு குன்றைத் துளைத்தெடுத்த உருளைக் கற்கள். முன்னால் அங்கே உலோகம் தேடியவர்கள் நேர்க்குத்தாகத் துளைத்ததால், செங்குத்தாக நிற்கும் குவார்ட்ஸ் என்ற வெள்ளைக்கல் நரம்பு பக்கத்திலேயே இருந்தும் அகப்படவில்லை. கல்லாராய்ச்சி செய்யும் மானசா சண்டைபோட்டுச் சரிவாகத் துளைக்க வைத்திருக்கிறாள்; இதிலும் வெள்ளியோ ஈயமோ துத்தநாகமோ இல்லையென்றால் குன்றையே கைவிட்டுவிடுவார்கள். கடைசிப் பெட்டியைத் திறக்கிறாள். கல்லின் நடுவே வெள்ளைப் பட்டை, அதற்குள் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகள் மினுக்கு மினுக்கென்று. கல்லை நக்கி ஈரமாக்கி நிறம் பார்ப்பது இவர்கள் தொழில் பழக்கம். மேலதிகாரி கேஷவ் ஆவலில் நாக்கை நீட்டிவிடுகிறார். "ஐயோ சார், நக்காதீங்கோ! ஈயம்!" என்று அலறுகிறாள் மானசா. நீட்டிய நாக்கோடு அவர் கல்லைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார். "அரே, அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தரம் சொல்லும்மா!"