ராஜா சாகும் நேரம்

எந்த நாடகம் போட்டாலும் முன்வரிசையில் வந்து உட்காரும் அந்த அம்மாவைத் தேடிப் பிடித்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார் பத்திரிகை நிருபர்.

“உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச நாடகம் எதும்மா?”

“போன மாசம் போட்டாங்களே, முதல் சீன்லயே ராஜாவுக்கு விஷம் வச்சுடுவாங்களே, அதுதான். அடடா, என்ன நாடகம்!”

“பிடிக்காதது?”

“ராஜா காட்டுக்குப் போய், திரும்பி வந்து, கல்யாணமும் பண்ணிக்குவாரே, அந்தக் கண்றாவிதான். கடைசி வரைக்கும் மனுஷன் சாகவே மாட்டேங்கிறார்!”

நிருபருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்த்தால் சாந்தமான முகம். வாயைத் திறந்தால் கொலை! நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அதற்குள் மேடையில் தளபதி ராஜாவைக் குத்திவிட்டான். குத்துப்பட்ட ராஜாவோ விழுவதாக இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வசனத்தை இழுத்துக்கொண்டே போனார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று கத்தினார்: “பேசினது போதும், சட்டுபுட்டுனு சாவுங்க!”

ராஜா தொப்பென்று விழுந்தார்.

“அந்த நடிகர் மேல அப்படி என்னம்மா கோபம்?” என்றார் நிருபர்.

“கோபமா? அவர் என் வீட்டுக்காரர், தம்பி. எல்லா நாடகத்துலயும் அவர்தான் ராஜா. வீட்ல சமையலும் அவர்தான். அவர் எப்போ செத்து, நாங்க எப்போ சாப்பிடுறது?”