அப்பா போடாத கையெழுத்து

கான்ட்ராக்டர் லைசன்சுக்கு அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். மகளோ வருஷக்கணக்காக அப்பாவின் சைட்டில் வெயிலில் வெந்தவள்.

"ஒரே ஒரு கையெழுத்துதானேப்பா?"

"பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேலை?" அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தம்பி கேட்டிருந்தா மட்டும் போட்டிருப்பீங்க!"

அன்றே வீட்டைவிட்டு வெளியேறினாள். வேறொரு கான்ட்ராக்டரிடம் முதலிலிருந்து வேலை பார்த்து, பரீட்சை எழுதித் தேறினாள். அப்பாவோடு பேச்சுவார்த்தையே இல்லை.

லைசன்ஸைக் கொடுத்த அதிகாரி, அப்பா பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"அட, அவர் பொண்ணா? பாவம், அவரும் எத்தனையோ தடவை பரீட்சை எழுதினார். கடைசிவரைக்கும் தேறலை. இன்னிக்கும் இன்னொருத்தர் லைசன்ஸ்லதான் வேலை செய்றார். அதனால அனுபவச் சான்றிதழ்ல அவர் கையெழுத்து செல்லாதும்மா. வீட்ல சொன்னதில்லையா?"

வாசலில் நின்று அப்பாவின் நம்பரை எடுத்தாள். கூப்பிட முகமில்லை.