யாரும் கேட்டு வராத எலும்பு

அவள் மூன்றாவது முறையாக எண்களைச் சரிபார்த்தாள்.

தப்பில்லை.

டி.என்.ஏ. முடிவுத் தாளில் பதினைந்து வரிசைகள். ஒவ்வொன்றிலும் ஆளுக்கு இரண்டு எண்கள். ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தடய அறிவியல் ஆய்வகத்தில் அவ்வளவுதான்.

இடது பக்கம் எலும்பின் எண்கள். பதினோரு வருடத்துக்கு முன் தண்டவாளத்தோரம் கிடைத்த ஆண் உடல். பெயர் தெரியாது. தேடி வந்தவர் இல்லை. தொடையெலும்பில் ஒரு துண்டு மட்டும் அட்டைப்பெட்டியில் தங்கிவிட்டது. பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு இப்படிப்பட்டதைத்தான் கொடுப்பார்கள். கொஞ்சம் வீணானாலும் கேட்க ஆள் இல்லை.

அதை அரைத்துத் தூளாக்கியது அவள்தான். பதமாக அரைத்திருக்கிறாய் என்று ஸ்டெல்லா மேடம் பாராட்டினார். அன்று முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

வலது பக்கம் அவளுடைய எண்கள். சேர்ந்த அன்றே அவள் எச்சிலையும் எடுத்துப் பதிந்திருந்தார்கள். வேலை செய்பவர் கை பட்டு மாதிரி கெட்டால் கண்டுபிடிக்க வேண்டுமே. எந்த முடிவு வந்தாலும் முதலில் ஊழியர் பட்டியலோடு ஒப்பிடுவது இங்கே வழக்கம்.

ஒப்பிட்டாள்.

பதினைந்து வரிசையிலும் ஓர் எண் அவளுடையது.

ஒன்று மட்டும்.

கை பட்டிருந்தால் இரண்டும் வந்திருக்கும். முதல் வாரமே மேடம் சொல்லிக்கொடுத்தது. அதையாவது மறந்து தொலைத்திருக்கலாம்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு காலையில் கிளம்பிப் போன அப்பாவின் பெயர் ரேஷன் கார்டில் இன்னும் இருக்கிறது. எடுத்துவிடலாமே என்று கேட்ட கடைக்காரரோடு அம்மா மூன்று மாதம் பேசவில்லை. யார் விசாரித்தாலும் ஒரே பதில். வெளியூரில் வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா அவளுடைய வெள்ளைக் கோட்டைத் துவைக்க எடுத்தாள். ஆய்வகத்திலேயே விட்டுவர வேண்டிய கோட்டு. எலும்பை அரைத்த அன்று அவள் மறதியில் அதை மாட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"என்னடி இது கையெல்லாம், பச்சரிசி மாவாட்டம்?"

அம்மா கசக்கி அலசினாள். அந்த ஈரக்கையாலேயே நெற்றியைத் துடைத்தாள். கலைந்த குங்குமத்தைக் கண்ணாடி பார்த்து மறுபடி வைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் தன் கோட்டின் கையைத் திருப்பிப் பார்த்தாள். அழுகை வரவில்லை. பயமாக இருந்தது.

ஸ்டெல்லா மேடம் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார். இருபத்தாறு வருடச் சர்வீஸ். நாலு வரிசை பார்த்தாலே அவருக்குப் போதும்.

பதினைந்தையும் பார்த்தார்.

பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன் கை பட்டுடுச்சுன்னு எழுதிடவாம்மா?"

எழுதினால் முடிவு செல்லாது. பெட்டி அலமாரிக்குத் திரும்பிவிடும். அம்மா சாயந்திரம் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்வாள். அப்பா வெளியூரிலேயே இருப்பார்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். மூடியில் எண் இருந்தது. பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

"கிளவுஸ் போட்டிருந்தேன் மேடம்" என்றாள்.